காசு கொட்டினா படிப்பு வருமா? அமெரிக்கப் பள்ளிகளின் கேஸ் ஷீட்



போன வாரம் வாட்சப்ல ஒரு வரைபடம் வந்தது. உங்களில் பலரும் பார்த்திருப்பீங்க.

அமெரிக்க அரசுப் பள்ளிகளுக்கு ஆகும் செலவு என்று ஒரு சிவப்புக் கோடு. 1970-ல் ஆரம்பிச்சு ராக்கெட் மாதிரி மேலே போகுது. மாணவர்களின் மதிப்பெண் என்று ஒரு நீலக் கோடு. அது தண்டவாளம் மாதிரி தட்டையாகக் கிடக்குது.

கூடவே ஒரு வரி: "அரசுப் பள்ளிக்குக் காசு கொட்டுறது விழலுக்கு இறைத்த நீர்."

அனுப்பியவர் என்னோடு படித்த நண்பர். அவரும் டாக்டர்தான். "என்ன சொல்ற?" என்று கேட்டிருந்தார்.

நான் கல்வியாளர் இல்லை. ஆனா "இந்த மருந்து உண்மையிலேயே வேலை செய்யுதா?" என்ற கேள்விதான் என் தொழில். அந்தக் கண்ணோடு உட்கார்ந்து படிச்சேன். பதில் நீளமாகிப் போச்சு. அதனால் இங்கே தொடராக எழுதுகிறேன். பொறுமையா படிங்க.

1.

முதலில் ஒரு விஷயம். அந்த வரைபடத்தில் இருக்கும் எண்கள் பொய் இல்லை.

அமெரிக்காவில் சுமார் 5 கோடி குழந்தைகள் அரசுப் பள்ளிகளில் படிக்கிறார்கள். 2022 நிதியாண்டில் ஒரு மாணவருக்கு ஆன செலவு சராசரியாக 15,633 டாலர். பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தாலும் 1970-ல் இருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

பலன்? 2022-ல் நடந்த பீசா என்ற சர்வதேசத் தேர்வில் 15 வயது அமெரிக்க மாணவர்கள் கணிதத்தில் எடுத்தது 465. வளர்ந்த நாடுகளின் சராசரி 472. அமெரிக்காவைவிடக் குறைவாகச் செலவு செய்யும் எஸ்டோனியா 510.

இன்னும் மோசமான செய்தி 2024-ல் வந்தது. அந்நாட்டின் தேசியத் தேர்வான 'நேப்'பில், நாலாம் வகுப்புக் குழந்தைகளில் 40 சதவீதம் பேர் வாசிப்பில் அடிப்படை நிலையைக்கூட எட்டவில்லை.

பத்துக் குழந்தைகளில் நாலு பேர். உலகின் மிகப் பணக்கார நாட்டில்.

ஆகவே "ஏதோ சரியில்லை" என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போகவில்லை. நோய் இருக்கு. சண்டை, காரணம் என்ன என்பதில்தான்.

2.

அந்த நீலக் கோட்டை இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

ஃபார்வர்டில் போட்டிருந்தது 17 வயது மாணவர்களின் மதிப்பெண். 1973-ல் கணிதத்தில் 304. 2012-ல் 306. தட்டைதான், ஒத்துக்கறேன்.

அதே தேர்வை 9 வயதுக் குழந்தைகளும் எழுதுகிறார்கள். அவர்களின் மதிப்பெண் 1973-ல் 219. 2012-ல் 244. இது தட்டை இல்லை, நல்ல ஏற்றம்! கறுப்பினக் குழந்தைகளை மட்டும் எடுத்துப் பார்த்தால் 190-லிருந்து 226. அதைவிடப் பெரிய ஏற்றம்.

ஒரே ரத்தப் பரிசோதனையில் பத்து அளவுகள் வந்திருக்கும்போது, நமக்குப் பிடிச்ச ஒன்றை மட்டும் வட்டம் போட்டு அனுப்பினால் எப்படி?

2012-க்குப் பிறகு சரிவு ஆரம்பித்தது. கோவிட் அதை இன்னும் கீழே தள்ளியது. 2020-க்கும் 2022-க்கும் நடுவில் மட்டும் 9 வயதினரின் கணிதம் 7 புள்ளி விழுந்தது. அதையும் மறைக்க வேண்டாம். ஆனா "ஐம்பது வருஷமா ஒண்ணுமே நடக்கல" என்பது உண்மை இல்லை.

3.

சரி, அந்தப் பணமெல்லாம் எங்கே போச்சு?

1975-க்கு முன் அமெரிக்காவில், உடலிலோ மனவளர்ச்சியிலோ குறைபாடு உள்ள பத்து லட்சம் குழந்தைகள் பள்ளிக்கு வெளியிலேயே நின்றார்கள். "உங்க பிள்ளையை நாங்க சேர்த்துக்க முடியாது" என்று பள்ளிகள் சொல்ல முடிந்த காலம் அது.

1975-ல் ஒரு சட்டம் வந்தது. எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்பக் கூடாது, அதற்கு ஏற்ற கல்வியை இலவசமாகத் தர வேண்டும் என்றது.

இன்று அரசுப் பள்ளி மாணவர்களில் சுமார் 15 சதவீதம் பேர் இந்தச் சட்டத்தின் கீழ் படிக்கிறார்கள். 70 லட்சத்துக்கும் மேல். பேச்சுப் பயிற்சியாளர், இயன்முறை மருத்துவர், தனி ஆசிரியர், சக்கர நாற்காலி ஏறும் பேருந்து என எல்லாவற்றுக்கும் செலவு உண்டு.

செரிப்ரல் பால்சி உள்ள குழந்தை ஒன்று தன் பெயரைத் தானே எழுதக் கற்றுக்கொண்டால், அது நாட்டின் சராசரி மதிப்பெண்ணை ஒரு புள்ளிகூட ஏற்றாது. அந்தப் பணம் வீண் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்கு வருமா?

அடுத்து ஆசிரியர்கள். 1970-ல் 22 மாணவருக்கு ஒரு ஆசிரியர். இப்போது 15, 16 பேருக்கு ஒருவர். ஆள் கூடியது. ஆனா பணவீக்கத்தைக் கழித்தால் ஒரு ஆசிரியரின் சம்பளம் பல ஆண்டுகளாகப் பெரிதாக ஏறவில்லை.

4.

இப்போ முக்கியமான இடம். இந்தப் பணம் யார் கையில் எவ்வளவு போகிறது?

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்களைக் கேட்டுப் பாருங்க. வீடு வாங்கும்போது அவர்கள் முதலில் பார்ப்பது வாஸ்து இல்லை, 'ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்'. என் சித்தப்பா மகன் அங்கே ஒரு சின்ன வீட்டை, பக்கத்து ஊரின் பெரிய வீட்டைவிட அதிக விலை கொடுத்து வாங்கினான். "ஏண்டா?" என்றால், "அண்ணே, நான் வாங்கினது வீடு இல்ல, ஸ்கூல் சீட்டு" என்றான்.

காரணம் இதுதான். பள்ளிச் செலவில் வழக்கமாக மத்திய அரசு தருவது சுமார் பத்தில் ஒரு பங்கு. மீதியை மாநிலமும் உள்ளூரும் ஏறத்தாழ பாதிப் பாதி போடுகின்றன. உள்ளூர்ப் பணம் பெரும்பாலும் சொத்து வரி. அதாவது வீட்டு விலை அதிகமுள்ள ஊரில் பள்ளிக்குப் பணம் கொட்டும். ஏழைகள் வாழும் ஊரில் சொட்டும்.

மாநிலத்துக்கு மாநிலமும் வித்தியாசம். 2022-ல் நியூயார்க்கில் ஒரு மாணவருக்கு ஏறக்குறைய 30,000 டாலர். யூட்டாவிலும் ஐடஹோவிலும் 10,000-க்கும் கீழே.

ஒரே நாடு. ஒரே கொடி. பிள்ளை எந்தத் தெருவில் பிறந்தது என்பதைப் பொறுத்துப் பணம்.

5.

இதை எதிர்த்து ஒரு தகப்பன் நீதிமன்றம் போனார். டெக்சாஸ் மாநிலம், சான் ஆன்டோனியோ நகரம், எட்ஜ்வுட் பகுதி. பெயர் டெமெட்ரியோ ரோட்ரிகஸ். 1968-ல் வழக்குப் போட்டார்.

அந்த வழக்கில் வந்த எண்களைப் பாருங்க. எட்ஜ்வுட் மக்கள் சொத்து மதிப்பில் ஒவ்வொரு 100 டாலருக்கும் 1.05 டாலர் வரி கட்டினார்கள். அதே நகரத்தில் பணக்காரர்கள் வாழ்ந்த அலமோ ஹைட்ஸ் பகுதியில் 85 சென்ட்தான்.

ஏழைகள் கட்டிய வரி விகிதம்தான் அதிகம். ஆனா அதில் கிடைத்தது? எட்ஜ்வுட்டில் ஒரு மாணவருக்கு 26 டாலர். அலமோ ஹைட்ஸில் 333 டாலர்!

மாநில, மத்திய நிதியைச் சேர்த்த பிறகும் 356-க்கு 594.

1973-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஐந்துக்கு நாலு. ரோட்ரிகஸ் தோற்றார். கல்வி அமெரிக்க அரசியல் சாசனத்தில் அடிப்படை உரிமை இல்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள்.

ஒரே ஒரு ஓட்டு மாறியிருந்தால், இன்றைக்கு இந்தத் தொடரே வேறு மாதிரி இருந்திருக்கும்.

6.

"டாக்டரே, கதை போதும். காசுக்கும் படிப்புக்கும் தொடர்பு உண்டா இல்லையா?"

வருகிறேன்.

1966-ல் ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளர் ஒரு பிரம்மாண்ட ஆய்வை வெளியிட்டார். 6 லட்சம் மாணவர்கள், சுமார் 4,000 பள்ளிகள். பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பப் பின்னணிதான் மதிப்பெண்ணைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்றார். பின்னால் எரிக் ஹனுஷெக் என்ற பொருளாதார அறிஞர், நிறைய ஆய்வுகளைத் திரட்டி, செலவுக்கும் பலனுக்கும் உறுதியான தொடர்பு தெரியவில்லை என்றார். "காசு வேலை செய்யாது" என்ற வாதத்தின் வேர் இங்கேதான்.

இருவரும் சாதாரண ஆட்கள் இல்லை. எண்களும் உண்மை. ஆனா ஒரு டாக்டராக இங்கே எனக்கு ஒரு மணி அடிக்குது.

எங்க ஆஸ்பத்திரியில் மிக அதிகமான மருந்து யாருக்குப் போகிறது? ஐசியு நோயாளிக்கு. மிக அதிக இறப்பு எங்கே? அதே ஐசியுவில். ஓபிக்குச் சளி என்று வந்தவர் நாலு மாத்திரை வாங்கிட்டுப் போய் மறுநாளே வேலைக்குப் போயிடுவார்.

இந்த இரண்டு பேரையும் ஒரே வரைபடத்தில் போட்டால் என்ன தெரியும்? "மருந்து கூடக் கூட சாவும் கூடுது." அப்போ மருந்தை நிறுத்திடலாமா?

பள்ளியிலும் இதேதான். 1965-ல் அதிபர் லிண்டன் ஜான்சன் கொண்டுவந்த சட்டப்படி, ஏழைக் குழந்தைகள் அதிகமுள்ள பள்ளிகளுக்குக் கூடுதல் நிதி போகிறது. அதிகக் கஷ்டம் உள்ள குழந்தைக்கு அதிகப் பணம். இன்னொரு பக்கம் பணக்கார ஊர்களும் அதிகம் செலவு செய்கின்றன. இரண்டும் கலந்த குழப்பத்தை வெறும் கண்ணால் பார்த்து, "தொடர்பு இல்லை" என்று சொல்வது அவசரத் தீர்ப்பு.

7.

மருத்துவத்தில் இந்தக் குழப்பத்தைத் தீர்க்க என்ன செய்வோம்? சீட்டுக் குலுக்கிப் போட்டு இரண்டு குழுவாகப் பிரிப்போம். ஒரு குழுவுக்கு மருந்து கொடுப்போம். இன்னொன்றுக்குக் கொடுக்க மாட்டோம்.

டென்னசி மாநிலம் 1985-ல் அதையே பள்ளியில் செய்தது. 79 பள்ளிகள், சுமார் 11,600 குழந்தைகள். சிலர் 13 முதல் 17 பேர் உள்ள சின்ன வகுப்பில். சிலர் 22 முதல் 25 பேர் உள்ள வழக்கமான வகுப்பில். இன்னும் சிலர் வழக்கமான வகுப்பிலேயே, ஆனா ஆசிரியருக்கு ஒரு உதவியாளரும் உண்டு.

சின்ன வகுப்புக் குழந்தைகள் தெளிவாக முன்னேறினார்கள். கறுப்பினக் குழந்தைகளுக்கும் ஏழைக் குழந்தைகளுக்கும் பலன் இன்னும் அதிகம். பிற்காலத்தில் கல்லூரி போனவர்களும் இவர்களில் அதிகம்.

உதவியாளர் போட்ட வகுப்பில்? பெரிய மாற்றம் இல்லை. அதுவும் செலவுதான். ஆனா பலன் இல்லை. இதை நினைவில் வச்சுக்கோங்க.

அடுத்து 2016-ல் வந்த ஒரு பெரிய ஆய்வு. ரோட்ரிகஸ் தோற்ற பிறகு மக்கள் மாநில நீதிமன்றங்களுக்குப் போனார்கள். பல மாநிலங்களில் ஜெயித்தார்கள். நீதிமன்றம் சொன்னதால் ஏழைப் பள்ளிகளுக்குத் திடீரென்று பணம் கூடியது. கிட்டத்தட்ட இயற்கையே நடத்திய பரிசோதனை.

1955 முதல் 1985 வரை பிறந்தவர்களை, அவர்கள் பெரியவர்களாகும் வரை கிராபோ ஜாக்சன் குழுவினர் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பள்ளியில் படித்த 12 ஆண்டும் 10 சதவீதம் கூடுதல் செலவு கிடைத்தவர்கள், வளர்ந்த பிறகு சுமார் 7 சதவீதம் அதிக ஊதியம் பெற்றார்கள். வறுமையில் விழுந்தவர்களும் குறைந்தார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் பலன் மிக அதிகம்.

கவனிங்க. 12 ஆண்டு. ஒரு டோஸ் இல்லை, முழு கோர்ஸ்.

8.

அப்போ காசு கொடுத்தா போதுமா? இல்லை. நான் அந்தப் பக்கமும் சாய மாட்டேன்.

மிசூரி மாநிலத்தின் கேன்சஸ் சிட்டி. 1985-ல் நீதிபதி ரஸ்ஸல் கிளார்க், அங்குள்ள பள்ளிகளுக்கு வாரி வழங்கச் சொன்னார். சுற்றியுள்ள ஊர்களின் வெள்ளையினப் பிள்ளைகளையும் ஈர்க்க வேண்டும் என்பது திட்டம். 12 ஆண்டுகளில் கிட்டத்தட்ட 200 கோடி டாலர். ஒலிம்பிக் அளவு நீச்சல் குளம், கோளரங்கம், பளபள கட்டடங்கள்.

மதிப்பெண் ஏறவில்லை. 2000-ல் அந்தப் பள்ளி மாவட்டம் மாநில அங்கீகாரத்தையே இழந்தது.

வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு நீச்சல் குளம் கட்டிக் கொடுப்பது, ரத்த சோகை உள்ளவருக்கு ஆஸ்பத்திரி முகப்பில் பளிங்குக் கல் பதிப்பது மாதிரி.

அடுத்து கலிபோர்னியா. டென்னசியின் வெற்றியைப் பார்த்து 1996-ல் முதல் நாலு வகுப்புகளில் ஒரு அறைக்கு 20 பேர் என்று மாநிலம் முழுக்க ஒரே நேரத்தில் அறிவித்தார்கள். ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கும் மேல் செலவு. ஆனா அத்தனை ஆசிரியர்களுக்கு எங்கே போவது? பயிற்சி முடிக்காதவர்களை எல்லாம் எடுத்தார்கள். நல்ல ஆசிரியர்கள் வசதியான ஊருக்கு மாறினார்கள். ஏழைப் பள்ளிகளில் பயிற்சி இல்லாதவர்கள் மிஞ்சினார்கள். டென்னசியில் கிடைத்த தெளிவான பலன் இங்கே கிடைக்கவில்லை.

அதே மருந்துதான். ஆனா தயாரிப்பு சரியில்லை.

9.

இப்போ மறுபக்கம். மிசிசிப்பி. அமெரிக்காவின் மிக ஏழ்மையான மாநிலம். பள்ளிக்கு மிகக் குறைவாகச் செலவு செய்யும் மாநிலங்களில் ஒன்று. 2013-ல் நாலாம் வகுப்பு வாசிப்பில் ஐம்பது மாநிலங்களில் 49-வது இடம்.

அந்த ஆண்டு ஒரு சட்டம் போட்டார்கள். எழுத்தையும் ஒலியையும் இணைத்துப் படிக்கச் சொல்லித் தரும் முறையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி. பின்தங்கிய பள்ளிகளுக்கு வாசிப்புப் பயிற்றுநர்கள். சிறு வயதிலேயே பரிசோதித்து, தடுமாறும் குழந்தையைக் கண்டுபிடித்துக் கூடுதல் உதவி. மூன்றாம் வகுப்பு முடிவில் வாசிக்கத் தெரியாவிட்டால் அதே வகுப்பில் இன்னொரு வருடம்.

ஆண்டுக்குச் சுமார் ஒன்றரைக் கோடி டாலர். மாநில பட்ஜெட்டில் இது சில்லறை.

2024-ல் மிசிசிப்பியின் இடம் 9. மதிப்பெண் 219. தேசிய சராசரி 214. ஒரு மாணவருக்கு இரண்டு மடங்குக்கும் மேல் செலவு செய்யும் நியூயார்க், மிசிசிப்பிக்குப் பின்னால்.

குறைகளும் உண்டு. பிள்ளைகளை நிறுத்தி வைப்பதால் மதிப்பெண் கொஞ்சம் ஏறித் தெரிகிறது என்று விமர்சிக்கிறார்கள். எட்டாம் வகுப்பில் அந்த மாநிலம் இன்னும் தேசிய சராசரியை எட்டவில்லை. ஆனாலும் பத்து வருடத்துக்கும் மேல் விடாமல் ஒரே சிகிச்சையைத் தொடர்ந்தார்கள் என்பதை யாரும் மறுக்க முடியாது.

10.

இன்னொன்று. இது என் துறைக்குப் பக்கத்தில் வருவது.

"படிக்கவே மாட்டேங்குறான் டாக்டர், தலைவலின்னு சொல்லி ஏமாத்துறான்" என்று அம்மா அழைத்து வரும் பையனை எல்லா டாக்டரும் பார்த்திருப்போம். பார்வை அட்டையைக் காட்டினால் மூணாவது வரியே தெரியாது. கண்ணாடி போட்ட மறுவாரம் பையன் வேற ஆள்.

பால்டிமோர் நகரில் இதை முறையான பரிசோதனையாகவே செய்தார்கள். 3 முதல் 7-ஆம் வகுப்பு வரை, 2,300-க்கும் மேற்பட்ட மாணவர்கள். பள்ளியிலேயே கண் பரிசோதனை, இலவசக் கண்ணாடி. 2021-ல் முடிவு வெளியானது. ஒரு வருடத்தில் வாசிப்பு மதிப்பெண் ஏறியது. மிகப் பின்தங்கிய மாணவர்களுக்குத்தான் பெரிய ஏற்றம்.

இரண்டாம் ஆண்டில் அந்த ஏற்றம் நீடிக்கவில்லை. கண்ணாடி வாங்கிக் கொடுப்பதோடு வேலை முடியாது, பிள்ளை அதைத் தொடர்ந்து போடுதா என்றும் பார்க்கணும். பிபி மாத்திரை மாதிரிதான்.

11.

கோவிட் நேரத்தில் அமெரிக்கா பள்ளிகளுக்கு 19,000 கோடி டாலர் அவசர நிதி கொடுத்தது. வரலாறு காணாத தொகை. "இவ்வளவு கொடுத்தும் மதிப்பெண் மீளலையே" என்பதுதான் இப்போதைய பெரிய குற்றச்சாட்டு.

ஆனா கடைசியாக வந்த, மிகப் பெரிய தவணையில் கற்றல் இழப்பை ஈடுகட்டக் கட்டாயமாக ஒதுக்கச் சொன்னது 20 சதவீதம்தான். மீதியைப் பள்ளிகள் காற்றோட்டக் கருவி, கட்டடம், ஆள் நியமனம் என்று விருப்பப்படி செலவழிக்கலாம். அப்படியும் 2024-ல் வந்த இரண்டு ஆய்வுகள், பணம் அதிகம் கிடைத்த இடங்களில் கணிதம் கொஞ்சம் கூடுதலாக மீண்டது என்றன. பலன் சின்னது, ஆனா உண்டு. அந்த 2024 செப்டம்பரோடு நிதிக்கான கெடுவும் முடிந்தது.

12.

இவ்வளவு ஏன் எழுதுகிறேன்?

2025 மார்ச்சில் அதிபர் டிரம்ப், மத்தியக் கல்வித் துறையை மூடுவதற்கான வேலைகளைத் தொடங்கச் சொல்லி ஆணையில் கையெழுத்திட்டார். முழுதாக மூட நாடாளுமன்றச் சட்டம் வேண்டும். 1979-லிருந்து 3 லட்சம் கோடி டாலர் செலவழித்தும் பலன் இல்லை என்பது வெள்ளை மாளிகையின் வாதம். நம்ம வாட்சப் வரைபடத்தின் அதே வாதம்.

அந்தத் துறை இருக்கணுமா வேண்டாமா என்பது அந்த நாட்டு மக்களின் முடிவு. ஆனா அதன் வழியாகப் போகும் பணத்தில் பெரும்பகுதி, ஏழைப் பள்ளிகளுக்கும், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கும், கல்லூரி உதவித்தொகைக்கும் போவது. அலமோ ஹைட்ஸ் மாதிரி ஊருக்கு அது நின்றாலும் பெரிதாகத் தெரியாது. எட்ஜ்வுட் மாதிரி ஊருக்குத் தெரியும்.

என் கருத்தைச் சொல்லிடறேன். "பள்ளிக்குச் செலவு செய்தால் பலன் உண்டா?" என்ற கேள்வியே அரைகுறை. "மருந்து சாப்பிட்டால் குணமாகுமா?" என்று யாராவது கேட்டால் நான் என்ன சொல்வேன்? என்ன மருந்து, யாருக்கு, எத்தனை நாளைக்கு என்று திருப்பிக் கேட்பேன்.

சின்ன வயசுப் பிள்ளைக்கு, ஏழைப் பிள்ளைக்கு, பயிற்சி பெற்ற ஆசிரியர் வழியாக, வருடக்கணக்கில் தொடர்ந்து போன பணம் அமெரிக்காவில் பலன் தந்திருக்கு. கட்டடத்துக்கும் அவசர அறிவிப்புக்கும் போன பணம் வீணாகியிருக்கு. தவறாக எழுதிய மருந்துச் சீட்டைக் கிழிச்சுட்டு சரியான சீட்டு எழுதணும். நோயாளியை வார்டை விட்டே அனுப்பக் கூடாது.

என் நண்பருக்கு இதையெல்லாம் அனுப்பினேன். "சரிப்பா, அப்ப அந்தப் படத்தை என்ன பண்றது?" என்றார்.

"டெலீட் பண்ண வேண்டாம். அதுக்குக் கீழே மூணு கேள்வி எழுதி அனுப்பு" என்றேன். பணம் யாருக்குப் போச்சு? எதுக்குப் போச்சு? எத்தனை வருஷம் போச்சு?

உங்களுக்கும் அந்தப் படம் வரும். இந்த மூணையும் கேட்டுப் பாருங்க.

மாற்றுக் கருத்து இருந்தால் கமெண்ட்ல சொல்லுங்க, பேசுவோம்.